சட்டன் அண்ணை சொன்ன கடற்கரை

கடலுக்குள் முகத்தை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை எனக்கு முப்பத்தெட்டாவது வயதில் வந்தது. அதுவரை எனக்குக் கடல் என்றால் கணுக்கால் அளவுதான். யாழ்ப்பாணத்தில் சைக்கிளை மிதித்தால் போய்விடக்கூடிய தூரத்தில் கடல் இருந்தது. பெட்டைப் பிள்ளை பாவாடையை நனைத்துக்கொண்டு வரக்கூடாது என்ற சட்டமும் இருந்தது. லண்டனுக்கு வந்த பிறகு கடலுக்குப் போவதென்றால், வாடகை வான் பிடித்து மார்கேட் கடற்கரைக்குப் போய், மணலில் பாய் விரித்து, புட்டும் இறைச்சிக் கறியும் சாப்பிட்டு, "சரியான குளிர்" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருவதுதான். யாரும் தண்ணீரைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆசையை மூட்டிவிட்டவள் என் சிநேகிதி. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் இருவரும் லூயிஷாம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்தோம். அவள் எனக்கு மேலதிகாரி. பார்படோஸ் தீவில் பிறந்து, பள்ளிப் படிப்பை அங்கேயே முடித்துவிட்டு வந்தவள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில், வெளியே மழை தூறிக்கொண்டிருக்க, அவள் தன்னுடைய கடலைப் பற்றிச் சொல்வாள். ஒரு பழைய தேவாலயம், அதன் பின்னால் சின்ன வளைவான கரை, கரையிலிருந்து கொஞ்சம் நீந்தினால் பாறைகள், அந்தப் பாறைகளில் மேய வருகிற கடலாமைகள். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, குழாயை வாயில் வைத்துக்கொண்டு, மேலே மிதந்தபடி பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றாள். போகிறதானால் ஈஸ்டருக்குப் போ, ஓகஸ்டில் மழை. காலையில் போ, பிறகு காற்று எழும்பிவிடும். மழை பெய்தால் அடுத்த நாளும் போகாதே, சேறு ஓடி வந்து கலங்கிவிடும் என்று பாடம் நடத்தினாள். நான் பரீட்சைக்குப் போல மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டேன்.

அதற்காகவே நீந்தப் பழகினேன். கவுன்சில் நீச்சல் குளத்தில் ஞாயிறு பின்னேரம் பெண்களுக்கு மட்டும் ஒரு வகுப்பு. முழங்காலுக்குக் கீழே வரும் கால்சட்டையும் பெரிய டீ சர்ட்டும் போட்டுக்கொண்டு, விளிம்பைப் பிடித்தபடி, மாசக்கணக்காகக் காலை அடித்தேன். மாஸ்க்கை வாங்கி வந்து வீட்டுக் குளியல் தொட்டிக்குள் குப்புறப் படுத்துப் பழகினேன். வெளியே நின்று என் கணவர் கதவைத் தட்டுவார்.

"இஞ்சேரும், உள்ளுக்க என்ன செய்யிறீர்? சத்தத்தையே காணேல்லை."

சத்தம் வராமல் மூச்சு விடுகிறதுதான் பழக்கமே. அதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துகிறது?

விடுமுறைக்கு பார்படோஸ் போவதென்று ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்தேன். ஈஸ்டருக்கு என்றேன். அவர் கணக்காளர்; ஏப்ரலில் வருமான வரிக் கணக்கு முடிக்கிற காலம், அசைய ஏலாது என்றார். அப்படியானால் யூலை என்றேன். வெஸ்ட் ஈலிங் அம்மனுக்குத் தேர் வருகிறது, தேரை விட்டுவிட்டுக் கடல் குளிக்கப் போனால் சனம் என்ன சொல்லும் என்றார். கடைசியில் தேர் முடிந்த பிறகு, ஓகஸ்டில், சிநேகிதி போகாதே என்று சொன்ன அதே மாதத்தில் டிக்கெட் போட்டார். போட்டதோடு விட்டாரா? தன்னுடைய அக்காவுக்கும் சொல்லிவிட்டார். அந்த மச்சாளும் அவருடைய கணவரும் எங்களோடு வருவதாக ஒரே தொலைபேசி அழைப்பில் முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலால் வந்த கையோடு, எங்கள் வீட்டு முன்னறையில் மகாநாடு கூடியது. சுற்றுலாப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு கணவர் ஆரம்பித்தார்.

"உந்த ஸ்நோர்கெல் செய்யிறதுக்கு எந்த இடம் நல்லது எண்டு வடிவா விசாரிச்சுப்போட்டுத்தான் போக வேணும். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது."

"இடம் எனக்குத் தெரியும்," என்று சொல்லி, தேவாலயம், வளைவு, பாறை எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"ஆர் சொன்னது?"

"என்னோட வேலை செய்யிறவ. அவ பிறந்த ஊரே அதுதான்."

"அது சரி. எங்கட ஆக்கள் ஆரும் போய்ப் பாத்திருக்கினமோ?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இது எங்கள் சனத்தின் வியாதி. வீடு வாங்குவதென்றாலும் பல்லுப் பிடுங்குவதென்றாலும் எங்கட ஆள் ஒருவர் சொல்ல வேண்டும். ஸ்கொட்லாந்துக்குப் போக வழி கேட்பதென்றாலும், ஒருமுறை போய்வந்த எங்கட ஆளைத்தான் கேட்போம், ஸ்கொட்லாந்துக்காரனைக் கேட்க மாட்டோம். அந்தக் கடலில் நீந்தி வளர்ந்தவள் சொன்னது அங்கே செல்லாக்காசு.

"அவ அங்க பிறந்தவ எண்டு சொல்லுறன். அதுக்கு மேல என்ன வேணும்?" என்று கத்தியேவிட்டேன்.

மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "ஏன் பிள்ளை கோவிக்கிறீர்? அவையளின்ர ருசி வேற, எங்கட ருசி வேற," என்றார். கடலுக்கு என்ன ருசி, உப்பைத் தவிர?

தொலைபேசி ஒரு கிழமை முழுக்க ஓயவில்லை. ஒருவர் தெற்குக் கரை என்றார், இன்னொருவர் வடக்கு என்றார், மூன்றாமவர் அன்ரிகுவாவுக்குப் போனவர், அங்கேயே போகச் சொன்னார். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்களே, அந்தக் கதைதான். முடிவில் ஆபத்பாந்தவராகக் கிடைத்தார் சட்டன் அண்ணை. லண்டனின் தெற்கே சட்டன் என்ற பகுதியில் இருக்கிற பொறியியலாளர், என் கணவருக்கு ஊர்ச் சிநேகிதர். பயணக் கப்பலில் போனபோது அந்தத் தீவில் ஒரு பகல் இறங்கியிருந்தாராம். அந்த ஒரு பகல் போதும், எங்கள் வீட்டில் அவர் கொலம்பஸ் ஆகிவிட்டார்.

"கண்ணை மூடிக்கொண்டு போங்கோ. அந்தமாதிரித் திறமான இடம்," என்று தொலைபேசியில் சொன்னார். நான் போனை வாங்கிக் கேட்டேன்.

"அண்ணை, மீன், ஆமை ஒண்டும் பாத்தனீங்களோ?"

"எல்லா வசதியும் இருக்கு தங்கச்சி. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

அந்தப் பதிலிலேயே நான் விழித்திருக்க வேண்டும்.

தீவில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருந்தோம். பெட்டியைத் திறந்தால் மச்சாளின் உடுப்புகளுக்கு நடுவில், துவாயால் சுற்றி, குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி ரைஸ் குக்கர். கூடவே பசுமதி, தூள், கருவாடு. பிளக்குக்கு அடாப்டரும் மறக்காமல் வாங்கி வந்திருந்தார். முதல் நாள் விடிய, சட்டைக்கு உள்ளே நீச்சல் உடுப்பும் கையில் மாஸ்க்குமாக நான் வாசலில் நிற்கிறேன். மச்சாள் குக்கரில் அரிசியைப் போட்டுவிட்டு, "சோறு வெந்த உடன வெளிக்கிடுவம்," என்றார்.

வேகவில்லை. லைட் எரிகிறது, மூடி லேசாகச் சுடுகிறது, அரிசி குளித்துக்கொண்டிருக்கிறது. மச்சாள் மூடியைத் திறந்து திறந்து பார்த்தார். "இந்த ஊர்த் தண்ணி சரியில்லை," என்றார். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போத்தல் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். குக்கர் மசியவில்லை. காஸ் அடுப்பு இருக்கிறதே, பானையில் வைப்போம் என்றேன்.

"விடுமுறைக்கு வந்தும் நான் அடுப்படியில நிண்டு கஞ்சி வடிக்கிறதோ?" என்று மச்சாள் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், சோறில்லாமல் கடையில் பாண் ரொட்டி வாங்கிக்கொண்டு போகலாம் என்றபோது ஆறு கண்கள் என்னை முறைத்தன. கடற்கரைக்குப் பாணோடு போகிறதா? அடுப்பு மூட்டாத செத்த வீட்டுக்கா போகிறோம்?

சோறு வெந்தபோது வெயில் உச்சியில் நின்றது. சாப்பிட்டார்கள். சாப்பிட்ட உடனே தண்ணீரில் இறங்கக்கூடாது என்று படுத்தார்கள். எழும்பியபோது காற்று எழும்பியிருந்தது. அடுத்த நாளும் இதே கூத்து. அன்றைக்கு வீட்டு வாசலிலிருந்தே, தூரத்தில் நீலமாகத் தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டு மாஸ்க்கைத் துடைத்தேன். ஐயோ, அந்த மாஸ்க்கை நான் துடைத்த துடைப்புக்கு அது கரைந்து போகாதது அதிசயம்.

மூன்றாம் நாள் சட்டன் அண்ணையின் இடத்துக்குப் போனோம், வாடகை வானில், சோற்றுப் பார்சல்களோடு. போய் இறங்கினால், விசாலமான கார் பார்க். வரிசையாகக் கழிப்பறைகள். கை கழுவ நல்ல பைப். உட்காரச் சீமெந்து வாங்குகள். என் கணவரின் முகம் மலர்ந்துபோனது.

"பாத்தீரோ? எங்கட ஆள் சொன்னா சொன்னதுதான்."

கடலைப் பார்த்தேன். வெறும் மணல். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு பாறை இல்லை. பாறை இல்லாத இடத்தில் மீனுக்கு என்ன வேலை? என்றாலும் வந்த பாவத்துக்கு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் என் கணவரும் கூடவே வந்து காவலுக்கு நின்றார். முகத்தை உள்ளே வைத்தேன். மணல் தெரிந்தது. ஒரு போத்தல் மூடி தெரிந்தது. அவருடைய இரண்டு கால்களும் தெரிந்தன. எங்கே திரும்பினாலும் அந்தக் கால்கள் கூடவே திரும்பின. இருபது வருசமாகப் பார்த்த கால்களைப் பார்க்கவா நான் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி வந்தேன்?

கரையில் மச்சாளும் அவருடைய கணவரும் நிழல் தேடினார்கள். கொஞ்சம் தள்ளி, ஆட்கள் ஒருவருமே இல்லாமல், ஒரு பெரிய மரம் நின்றது. கீழே பச்சைப் பச்சையாகச் சின்ன ஆப்பிள் போலக் காய்கள். அடிமரத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் பூசியிருந்தது. மச்சாள் அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"ஆரோ எங்கட சனம் வைரவர் வைச்சிருக்குது. இல்லாட்டி மரத்துக்கு ஏன் சிவப்புப் பூசுது?"

அவருடைய கணவரும் பயபக்தியோடு தலையாட்டினார். நல்ல மனிதர், மச்சாள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டியே கழுத்து அப்படி அமைந்துவிட்டது. அந்த மரத்தடியில் பாயை விரித்துப் பார்சலை அவிழ்த்தார்கள். அப்போதுதான் திடீரென்று மழை கொட்டியது. அவர்கள் இன்னும் மரத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். நாங்கள் இருவரும் தண்ணீருக்குள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஊர்க்காரர் ஒருவர் கையை வீசிக் கத்திக்கொண்டு ஓடி வந்தார். அது நச்சு மரம். இலையில் பட்டு வழிகிற மழைத்தண்ணீர் தோலைப் பொசுக்கிவிடும். அதனால்தான் கிட்டப் போகாதே என்று சிவப்பு வட்டம் பூசி வைத்திருக்கிறார்கள். அவர் சொல்லி முடிக்க முன்னமே மச்சாள் கழுத்தைச் சொறியத் தொடங்கிவிட்டார். பின்னேரத்துக்குள் இருவருக்கும் தோளிலும் கையிலும் கொப்புளம். டாக்டரிடம் கொண்டு ஓடினோம். இரவு முழுக்க மச்சாள் அனுங்கிக்கொண்டிருந்தார். நான்தான் பக்கத்தில் இருந்து களிம்பு பூசினேன். பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. வெளியே மழை விடாமல் பெய்தது. பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதை. மழையில் சேறு ஓடிக் கலங்கும் என்ற சிநேகிதியின் குரல்தான் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த இரண்டு நாளும் கொப்புளத்துக்கும் மழைக்கும் போயின. கடைசி நாள் விடிந்தது. நான் பையைத் தூக்கினேன்.

"இண்டைக்கு ஆர் வந்தாலும் வராட்டிலும் நான் போறன். பஸ்ஸில போறன். ஒருத்தரும் எனக்குச் சோறு கட்டித் தரத் தேவையில்லை."

"இஞ்சேரும், கோவிக்காதையும்," என்றார் கணவர். "எல்லாருமாப் போவம். தனியப் போய் ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தா? அக்கா அரிசி போட்டிட்டா, இந்தா வெந்திடும்."

நான் நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றைக்கும் என்மேலேயே எரிச்சல் வருகிறது. அந்தச் சோறு எப்போது வெந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தேவாலயம் சிநேகிதி சொன்ன இடத்தில் இருந்தது. பின்னால் அதே வளைவு. பாறைகள் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கார் பார்க் இல்லை, பைப் இல்லை, வாங்கு இல்லை. மச்சாள் வானைவிட்டு இறங்கவே இல்லை. கடல் பால் தேத்தண்ணி நிறத்தில் கலங்கி, காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நான் இறங்கினேன். பாறை வரைக்கும் நீந்தினேன். அது எனக்குப் பெரிய தூரம், யாரும் கைதட்டவில்லை. முகத்தை வைத்தால், நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. சுற்றிச் சுற்றி நீந்திப் பார்த்தேன். எங்கேயோ இந்தச் சேற்றுக்குள், எனக்குக் கிட்டவே, ஒரு ஆமை இருக்கிறது என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. மாஸ்க்குக்குள் அழுதால் துடைக்கவும் வழியில்லை.

கரைக்கு வந்து மாஸ்க்கைக் கழற்றினேன். கணவர் துவாயோடு நின்றார்.

"ஏதும் தெரிஞ்சுதோ?"

"இல்லை."

"நாங்கள் சொன்னம்தானே," என்றார்.

அன்றைக்கு நான் அவரைக் கடலுக்குள் தள்ளாமல் விட்டதற்கு, வெஸ்ட் ஈலிங் அம்மன்தான் காரணம்.

லண்டனுக்குத் திரும்பினால் அது ஒரு கதையாகிவிட்டது. போகிற பிறந்தநாள் வீடுகளில் எல்லாம் அவர் சொல்வார்: "இவவின்ர சிநேகிதி சொன்ன இடத்தில சேறுதான். சட்டன் அண்ணை சொன்ன இடம் எண்டா, அந்தமாதிரி." கொப்புளத்தைச் சொல்ல மாட்டார். ஒருநாள் சட்டன் அண்ணை வீட்டிலேயே விருந்து. நான் ரோல்ஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நேரே கேட்டேன்.

"அண்ணை, நீங்கள் அந்தக் கடலுக்குள்ள முகத்தை வைச்சுப் பாத்தனீங்களோ?"

"தண்ணிக்குள்ளயோ?" அவருக்கு ஆச்சரியம். "நான் ஏன் இறங்கிறன்? காலில புதுச் சப்பாத்து. கரையிலதான் நிண்டனான். ஆனா தங்கச்சி, பைப் நல்ல பைப் என்ன?"

என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பக்கத்து ஆளோடு அவசரமாக வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

மருந்தகத்தில் சிநேகிதியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மரக் கதைக்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். குக்கர் கதைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. இங்கிலாந்துக் குக்கரையா கொண்டு போனீர்கள், அங்கே மின்சாரம் இங்கத்தையதில் பாதிதானே, அந்தச் சோறு கிறிஸ்மஸ் வரைக்கும் வெந்திருக்குமே என்றாள். நாங்கள் நாலு காலை நேரங்களைக் கொடுத்தது அந்தப் பாதி மின்சாரத்துக்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, ஈஸ்டருக்குத் தன் தங்கையைப் பார்க்கப் போவதாகவும், என்னையும் கூட வரும்படியும் சொன்னாள்.

அன்று பின்னேரம் சமையலறையில் வைத்தே சொன்னேன்.

"ஈஸ்டருக்கு நான் அவவோட போறன். தனிய."

கணவர் பேப்பரை மடித்தார். ஏதோ பெரிய ஆட்சேபம் வரப்போகிறது என்று நானும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தயாரானேன்.

"அப்ப எனக்குச் சோறு ஆர் காய்ச்சிறது?"

குக்கரை இழுத்து வைத்து, அரிசி இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு, இதுதான் சுவிட்ச், லைட் மாறினால் சோறு வெந்துவிட்டது என்று, சின்னப் பிள்ளைக்குப் போலக் காட்டிக் கொடுத்தேன். இங்கத்தைய மின்சாரம் முழு மின்சாரம், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னேன்.

ஈஸ்டருக்குப் போனேன். போய்ச் சேர்ந்த மறுநாள் விடியவே, ஒரு வாழைப்பழத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு இருவரும் இறங்கினோம். பாறையின் பக்கத்தில் அவள் என் கையைப் பிடித்துக் கீழே காட்டினாள். ஆமை ஒன்று கடற்புல்லைக் கடித்துக்கொண்டு, எங்களைச் சட்டை செய்யாமல் நின்றது. பிறகு மெதுவாக எழும்பி, எனக்கு நேர் கீழாக நீந்திப் போனது. நான் குழாய்க்குள்ளேயே ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது, சந்தோசத்தில் வந்தது.

கரைக்கு வந்ததும் இதைத் தமிழில் யாருக்காவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஈர உடுப்போடு, தேவாலயத்துச் சந்தியில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினேன். லண்டனில் மத்தியானம். மணி அடித்த உடனேயே அவர் எடுத்தார்.

"இஞ்சேருங்கோ, நான் ஆமை—"

"நல்ல நேரம் எடுத்தீர்," என்றார். "லைட் மாறி நிக்குது. மூடியைத் திறக்கிறதோ, விடுறதோ?"

போனை வைத்துவிட்டு, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, திரும்பவும் தண்ணீருக்குள் இறங்கினேன்.